எதிரணியில் நிற்கும் உரிமை: மெல்வின் டோல்சன் என்ற ஆசிரியர்



நம் அமைப்பின் நினைவுச் சொற்பொழிவுகளில் பெரும்பாலும் நம் மண்ணின் முன்னோடிகளைப் பற்றியே பேசி வந்திருக்கிறோம். இந்த முறை, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் மார்ஷல் என்கிற சிற்றூரில் கால் நூற்றாண்டுக் காலம் ஆங்கிலமும் பேச்சுக்கலையும் கற்பித்த ஒரு கறுப்பின ஆசிரியரை எடுத்துக்கொண்டிருக்கிறோம். பெயர் மெல்வின் டோல்சன். கல்லூரியின் இளையோர் கால்பந்து அணிக்கும் அவரே பயிற்சியாளர். நாடகக் குழுவுக்கும் அவரே இயக்குநர். ஆனால் வரலாறு அவரை நினைவில் வைத்திருப்பது விவாத அணியின் பயிற்சியாளராக.

கறுப்பின மக்களின் போராட்டம் நமக்கு அந்நியமானதல்ல. 1946இல் அம்பேத்கர் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். டுபாய்ஸ் பதிலும் எழுதினார். 1972இல் பம்பாயில் இளைஞர்கள் தங்கள் இயக்கத்துக்கு தலித் பாந்தர் என்று பெயர் வைத்தார்கள். அந்த வழியாகத் தலைவர்களின் பெயர்களும் முழக்கங்களும் கவிதைகளும் நம்மிடம் வந்து சேர்ந்தன. அந்தத் தலைவர்கள் பதினான்கு, பதினைந்து வயதில் எந்த வகுப்பறையில் உட்கார்ந்திருந்தார்கள், அவர்களைத் தட்டி எழுப்பியவர் யார் என்ற கேள்வியை நாம் அதிகம் கேட்டதில்லை. நம்முடைய சொந்த வரலாற்றிலும் அப்படித்தான். மாநாட்டுத் தலைமையுரை நமக்குக் கிடைக்கிறது. அந்தத் தலைவருக்கு எழுத்துக் கற்றுத்தந்த வாத்தியார் கிடைப்பதில்லை.

டோல்சன் கிடைத்ததற்கு ஒரு சினிமாவும் காரணம். 2007இல் டென்சல் வாஷிங்டன் இயக்கி நடித்த ‘தி கிரேட் டிபேட்டர்ஸ்’ படத்தை நம்மில் சிலர் பார்த்திருக்கலாம். அந்தப் படத்தில் வைலி கல்லூரியின் கறுப்பின மாணவர்கள் கடைசியில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தை வெல்கிறார்கள். உண்மையில் 1935இல் அவர்கள் எதிர்கொண்டது தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தை. அந்த ஆண்டு தேசிய அளவில் முதலிடத்தில் இருந்த அணி அது. ஹார்வர்டு என்றால் உலகமே அறியும் என்பதால் மாற்றிக்கொண்டார்கள். சினிமாவுக்கு அந்தச் சலுகை உண்டு என்பார்கள். நமக்கு அதில் உடன்பாடில்லை. ஒடுக்கப்பட்டவர்களின் வெற்றிக்குப் புகழ்பெற்ற ஒரு பெயரைத் துணைக்கு அழைக்கும்போது, அவர்கள் நிஜமாகப் பெற்ற வெற்றி ஏதோ போதாதது போல் ஆகிவிடுகிறது. தெற்குக் கலிபோர்னியாவை வென்றதே பெரிய காரியம். ஏன் பெரிது என்பதை அறிய அந்த ஊரை முதலில் பார்க்க வேண்டும்.

மார்ஷல், டெக்சாஸின் கிழக்கு எல்லையில் லூசியானாவை ஒட்டியிருக்கும் ஹாரிசன் மாவட்டத்தின் தலைநகர். பருத்தி விளையும் பூமி. ரயில்வே பட்டறையும் இருந்தது. உள்நாட்டுப் போருக்கு முன், 1860 கணக்கின்படி, டெக்சாஸிலேயே மிக அதிகமான அடிமைகள் இருந்த மாவட்டம் இதுதான். மக்கள்தொகையில் பாதிக்கும் மேற்பட்டோர் அடிமைகள். போரில் தோற்று எட்டு ஆண்டுகளுக்குள், 1873இல், மெதடிஸ்ட் திருச்சபையின் விடுதலை பெற்றோர் உதவிச் சங்கம் அந்த ஊரில் வைலி கல்லூரியைத் தொடங்கியது. 1881இல் பாப்டிஸ்டுகள் பிஷப் கல்லூரியைத் தொடங்கினார்கள். ஒரு சின்ன ஊரில் கறுப்பினத்தவருக்கு இரண்டு கல்லூரிகள். ஆனால் கல்லூரி வாசலைத் தாண்டினால் பழைய ஆட்சிதான். உணவகம் வேறு, ரயில் பெட்டி வேறு, தண்ணீர்க் குழாய் வேறு. ஜனநாயகக் கட்சியின் முதல்கட்டத் தேர்தல்தான் டெக்சாஸில் உண்மையான தேர்தல். 1944இல் உச்ச நீதிமன்றம் தலையிடும்வரை அதில் கறுப்பினத்தவர் வாக்களிக்க முடியாது. 1894இல் கர்னல் ஆல்காட் சென்னையில் தொடங்கிய பஞ்சமர் பள்ளிகளை அறிந்த நமக்கு இந்தக் காட்சி புரியும். பள்ளிக்குள் எழுத்து உண்டு. பள்ளியிலிருந்து வீடு திரும்பும் தெருவில் அந்த எழுத்துக்கு மதிப்பில்லை.

டோல்சன் 1898இல் மிசௌரி மாநிலத்தின் மோபர்லியில் பிறந்தார். தந்தை மெதடிஸ்ட் போதகர். சபை மாற்றும் இடத்துக்கெல்லாம் குடும்பம் போனது. பதினான்கு வயதில், டைட்டானிக் கப்பல் மூழ்கிய ஆண்டில், அதைப் பற்றி அவர் எழுதிய கவிதை அயோவாவின் ஓர் ஊர்ப் பத்திரிகையில் வெளியானது. கான்சாஸ் சிட்டியில் உயர்நிலைப் பள்ளி. அங்கே கால்பந்து அணித் தலைவர், மேடை நடிகர். பென்சில்வேனியாவின் லிங்கன் பல்கலைக்கழகத்தில் 1923இல் பட்டம் பெற்றதும், மனைவி ரூத்துடன் மார்ஷலுக்கு வந்தார். 1947 வரை அங்கேயே இருந்தார். நான்கு பிள்ளைகள். மாணவர்கள் எந்நேரமும் வந்துபோன அந்த வீட்டை நடத்தியவர் ரூத் என்பதை நினைவுச் சொற்பொழிவிலாவது சொல்லிவிட வேண்டும்.

வந்த சில மாதங்களிலேயே விவாத அணியைத் திரட்டத் தொடங்கினார். அவரது பயிற்சி முறையைப் பற்றி அவரிடம் படித்தவர்கள் பின்னாளில் நிறையச் சொல்லியிருக்கிறார்கள். ஆரம்ப ஆண்டுகளில் உரைகளை அவரே எழுதினார். மாணவர்கள் மனப்பாடம் செய்தார்கள். எங்கே நிறுத்துவது, எங்கே கையை உயர்த்துவது என்பதுவரை திரும்பத் திரும்பச் செய்துகாட்ட வேண்டும். இதைக் கேட்டால் கிளிப்பிள்ளைப் பாடம் என்றே தோன்றும். ஆனால் உரையை எழுதும்போதே எதிரணி என்ன சொல்லும், அதற்கு நாம் சொல்லும் மறுப்புக்கு அவர்கள் என்ன மறுப்புச் சொல்வார்கள் என்று மூன்று, நான்கு சுற்று முன்னால் யோசித்துப் பழக்கினார். பிறகு மெல்ல மெல்ல எழுதிய தாளைப் பிடுங்கிக்கொண்டார். மாலை நேரங்களில் அவர் வீட்டில் மூத்த அணியினர் கூடுவார்கள். இளைய மாணவன் ஒரு கருத்தைச் சொன்னால் போதும், ஆளுக்கொரு பக்கமாகக் குடைந்தெடுப்பார்கள். அழுகிற அளவுக்குப் போனாலும் ஆசிரியர் குறுக்கிடமாட்டார். வெள்ளையர் மேடையில் யாரும் இரக்கம் காட்டப்போவதில்லை என்பது அவர் கணக்கு.

ஒரே பொருளில் இரண்டு பக்கமும் பேசக் கற்க வேண்டும் என்பது விவாதப் போட்டியின் விதி. இதைச் சிலர் கொள்கையற்ற விளையாட்டு என்பார்கள். தமிழில் தர்க்கம் செய்தவர்கள் அப்படி நினைக்கவில்லை. பரபக்கம் சொன்ன பிறகுதான் சுபக்கம். பிறர் கொள்கையை அவர்களே ஒத்துக்கொள்ளும்படி எடுத்துவைக்காதவனுக்கு அதை மறுக்கும் தகுதி இல்லை. மணிமேகலை வஞ்சி நகரத்தில் ஒவ்வொரு சமயவாதியிடமும் போய் அவரவர் திறத்தைப் பொறுமையாகக் கேட்டுவிட்டுத்தான் தன் அறத்தைக் கேட்கப் போகிறாள். குண்டலகேசி நாவல் கிளையை நட்டு வாதுக்கு அழைத்த கதை பௌத்த மரபில் உண்டு. இன்றைக்குப் பண்டிகை நாள் தொலைக்காட்சியில் நடக்கும் பட்டிமன்றத்தை வைத்து வாதத்தை எடைபோட வேண்டாம். அங்கே இரண்டு அணியும் சிரிக்கவைத்தால் போதும், நடுவர் இருதரப்புக்கும் சமாதானம் சொல்லி அனுப்பிவிடுவார்.

நாவல் கிளையை நட்டவர் எதிர்பார்ப்பது ஒன்றுதான். யாராவது வந்து அதைப் பிடுங்க வேண்டும். பிடுங்குகிறவர் எதிரி, ஆனால் பிடுங்கிய கணத்தில் அவர் உன்னைத் தனக்கு நிகராக ஒப்புக்கொள்கிறார். இனவெறியும் சாதியும் முதலில் மறுப்பது இதைத்தான். நம்மை வெறுப்பதற்கும் இரக்கப்படுவதற்கும் அவை தயார். நம்மோடு வாதிடத் தயாரில்லை. டோல்சன் பயிற்றுவித்தது பேச்சுத் திறமையை என்று நினைத்தால் பாதிதான் புரிந்துகொண்டவர்கள் ஆவோம். வெள்ளையர் கல்லூரிகளை எதிரணி நாற்காலியில் உட்காரவைப்பதே அவருடைய பெரிய வேலையாக இருந்தது. அதற்காகக் கடிதம்மேல் கடிதம் போட்டார்.

1930இல் அது நடந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகச் சட்ட மாணவர்கள் சிகாகோவில் வைலி அணியோடு மேடையேறினார்கள். வெள்ளை, கறுப்புக் கல்லூரிகள் எதிரெதிரே நின்ற முதல் விவாதங்களில் ஒன்று அது. வைலி அணியில் ஹென்ரியேட்டா பெல் என்ற முதலாண்டு மாணவி இருந்தார். ஹூஸ்டனில் பிறந்தவர், அணியில் இடம்பெற்ற முதல் பெண். வகுப்பில் அவர் பேசியதைக் கேட்டு டோல்சன்தான் அழைத்தார். ஒரு பெண் அணியோடு வெளியூர் போவதென்றால் துணைக்கு வேறொரு பெண் வர வேண்டும் என்பது அக்காலக் கட்டுப்பாடு. பெல் 2008இல், 95 வயதில், படம் வெளிவந்து சில மாதங்களில் காலமானார். அதே 1930இல் ஓக்லஹோமா சிட்டியில் ஒரு கறுப்பினத் திருச்சபையில், அந்நகரத்து வெள்ளையர் பல்கலைக்கழக மாணவர்களோடும் விவாதம் நடந்தது. தென்பகுதியில் அப்படி ஒரு மேடையை அதுவரை யாரும் பார்த்ததில்லை.

மேடைக்குப் போய்ச் சேரும் வழி மேடையைவிடக் கடினமானது. ஆசிரியரும் மூன்று நான்கு மாணவர்களும் ஒரு காரில் கிளம்புவார்கள். வழியில் தங்க விடுதி கிடையாது, சாப்பிட இடம் கிடையாது, பல ஊர்களில் கழிப்பறைகூடக் கிடையாது. தெரிந்த கறுப்பினக் குடும்பங்களின் வீடுகளிலும் கறுப்பினக் கல்லூரிகளிலும்தான் இராத்தங்கல். வெள்ளையர் கும்பல் கூடியிருந்த ஓர் ஊரை இரவில் கடக்க நேர்ந்தபோது, வெளிர்நிறத் தோல் கொண்ட ஒரு மாணவரை ஓட்டச்சொல்லிவிட்டு மற்றவர்கள் இருக்கைக்குக் கீழே பதுங்கிக்கொண்டதை அணியினர் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். மறுநாள் சட்டையை நீவிக்கொண்டு மேடையேறி, ‘மதிப்புக்குரிய எதிரணியினரே’ என்று தொடங்க வேண்டும். இந்தப் பயணங்களைப் பற்றி அணியின் ஹோபர்ட் ஜாரட் 1935இல் ‘தி கிரைசிஸ்’ இதழில் எழுதினார். அவர்களிடமே ஓர் இதழ் இருந்ததால் அந்தப் பதிவு நமக்குக் கிடைத்தது.

1935 வசந்தத்தில் லாஸ் ஏஞ்சலஸ். தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் அரங்கில், அந்தப் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் முன்னிலையில், வைலி அணி வென்றது. ஆனால் சாம்பியன் பட்டம் வரவில்லை. பை கப்பா டெல்டா என்ற தேசிய விவாதச் சங்கம் கறுப்பினத்தவரை உறுப்பினராகச் சேர்ப்பதில்லை. இரண்டாம் உலகப் போர் முடியும்வரை அதுதான் நிலை. உறுப்பினர் அல்லாதவர் வென்றால் அது கணக்கில் வராது. வெற்றி நடந்தது, ஆனால் நடக்கவில்லை. நம் ஊர்களில் கோயில் தேரை இழுக்கும் உரிமைக்கு வழக்குப் போட்டு வென்றபிறகு, தேரே வேண்டாம் என்று நிறுத்திவைப்பதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா, கிட்டத்தட்ட அது.

அடுத்த ஆண்டு, 1936இல், இந்தியாவில் நடந்ததையும் இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். லாகூரின் ஜாத்-பாத் தோடக் மண்டல் அம்பேத்கரைத் தலைமையுரைக்கு அழைத்தது. உரையின் அச்சுப்படியைப் பார்த்ததும் பின்வாங்கியது. பேசப்படாத அந்த உரையை ‘சாதி ஒழிப்பு’ என்று தம் செலவிலேயே அச்சிட்டு வெளியிட்டார் அம்பேத்கர். 1500 படிகள் இரண்டே மாதத்தில் தீர்ந்தன. இரண்டாம் பதிப்பில், தம்மை மறுத்து காந்தி எழுதியதையும் சேர்த்து அச்சிட்டு, அதற்குத் தம் பதிலையும் எழுதினார். பரபக்கத்தைத் தன் நூலுக்குள்ளேயே இடம் கொடுத்து உட்காரவைத்த செயல் அது. மேடை தரப்படாதவர் எதிராளிக்குத் தன் நூலில் மேடை கொடுத்தார். டோல்சனும் அம்பேத்கரும் ஒருவரை ஒருவர் சந்தித்ததில்லை. இருவரும் வெவ்வேறு காலத்தில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள். இருவருக்குமே பட்டம் படித்து முடித்துப் பல ஆண்டுகள் கழித்துத்தான் கையில் வந்தது. 1930களின் தொடக்கத்தில் அங்கே போன டோல்சன், ஹார்லெம் எழுத்தாளர்களைப் பற்றி ஆய்வேடு எழுதினார்; முதுகலைப் பட்டம் 1940இல் கிடைத்தது. இடையில் கல்லூரி வேலையும் அணிப் பயணமும்.

இனி மாணவர்களுக்கு வருவோம். ஜேம்ஸ் ஃபார்மர் மார்ஷலிலேயே பிறந்தவர். தந்தை வைலியில் பேராசிரியர். டெக்சாஸ் கறுப்பினத்தவரில் முதலில் முனைவர் பட்டம் பெற்றவர். மகன் 1934இல் பதினான்கு வயதிலேயே கல்லூரிக்குள் வந்தார். புத்திசாலி, பாடுபடாமலே தேறிவிடும் பையன். டோல்சனுக்கு அது பிடிக்கவில்லை. வகுப்பிலேயே வம்புக்கிழுத்து, புத்தகங்களைக் கொடுத்து, மாலைக் கூட்டத்துக்கு வரவழைத்துப் புடம்போட்டார். அந்தக் காலத்து நிகழ்ச்சி ஒன்றை ஃபார்மர் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். விடுதி அறையில் மாணவர்கள் கூடி இன ஒதுக்கலைக் கிழித்துத் தொங்கவிட்டுப் பேசினார்கள். பேசி முடித்ததும் ஊர்த் திரையரங்குக்குப் போய், கறுப்பினத்தவருக்கென்று ஒதுக்கிய பக்கவாட்டுப் படியில் ஏறி, மாடியில் உட்கார்ந்து படம் பார்த்தார்கள். வாயால் வென்றதைக் காலால் தோற்றுவிட்டோம் என்ற உறுத்தல் அவரைவிட்டுப் போகவில்லை.

1942இல் சிகாகோவில் நண்பர்களோடு இனச் சமத்துவப் பேரவையைத் தொடங்கினார் ஃபார்மர். ‘கோர்’ என்று சுருக்கமாக அறியப்பட்ட அமைப்பு. அவர்களது வழிமுறை காந்தியிடமிருந்து எடுத்துக்கொண்டது. நம்மில் பலருக்கு இது நெருடும். 1932 பூனா ஒப்பந்தத்தை மறக்காதவர்கள் நாம். ஒரே கருவி ஒருவர் கையில் பூட்டாகவும் இன்னொருவர் கையில் சாவியாகவும் இருந்திருக்கிறது என்பதற்கு மேல் இங்கே சொல்ல நேரமில்லை. 1961 மே 4இல் ஃபார்மர் ஏற்பாடு செய்த விடுதலைப் பயணம் வாஷிங்டனிலிருந்து புறப்பட்டது. கறுப்பரும் வெள்ளையருமாக 13 பேர், இரண்டு பேருந்துகள். அலபாமாவுக்குள் நுழையும் முன் தந்தை இறந்த செய்தி வந்து ஃபார்மர் ஊருக்குத் திரும்பினார். மே 14 அன்று ஒரு பேருந்து அனிஸ்டனில் எரிக்கப்பட்டது. இறுதிச் சடங்கு முடிந்து திரும்பிவந்து மிசிசிப்பிக்குப் போய்ச் சிறைப்பட்டார். மால்கம் எக்ஸோடு அவர் பலமுறை பொதுமேடையில் வாதிட்டார். 1962இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் நடந்தது அவற்றில் ஒன்று. மால்கமின் எதிரே நின்று தடுமாறாதவர்கள் குறைவு. தனக்கு அந்தத் தெம்பைக் கொடுத்தவர் டோல்சன் என்று ஃபார்மர் கடைசிவரை சொல்லிவந்தார்.

ஃபார்மரைவிட நம் கவனத்துக்கு உரியவர் ஹீமன் ஸ்வெட் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. 1934இல் வைலியில் பட்டம் பெற்றவர், டோல்சனின் மாணவர். ஹூஸ்டனில் தபால்காரராக வேலை பார்த்தார். 1946 பிப்ரவரியில் ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகச் சட்டப் பள்ளிக்கு விண்ணப்பித்தார். தகுதியெல்லாம் இருந்தது; தோலின் நிறம் மட்டும்தான் தடை என்று பல்கலைக்கழகமே ஒத்துக்கொண்டது. வழக்கு வந்ததும், கறுப்பினத்தவருக்கென்று தனிச் சட்டப் பள்ளியை மாநில அரசு அவசர அவசரமாக ஏற்படுத்தியது. முதலில் ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் சில அறைகள், சில ஆசிரியர்கள். ‘தனி ஆனால் சமம்’ என்ற பழைய தீர்ப்பைக் காப்பாற்ற அதுவே போதும் என்று நினைத்தார்கள். ஸ்வெட் அங்கே சேர மறுத்தார்.

தர்குட் மார்ஷல் வாதாடிய அந்த வழக்கில் 1950 ஜூன் 5 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. நூலகத்தில் எத்தனை புத்தகம், எத்தனை ஆசிரியர் என்ற ஒப்பீட்டோடு நீதிமன்றம் நின்றுவிடவில்லை. சட்டம் படிப்பவர் சட்டம் செயல்படும் மனிதர்களிடமிருந்து பிரிக்கப்பட்டுப் படிக்க முடியாது. கருத்தும் கருத்தும் மோதிக்கொள்ளும் இடத்தில்தான் படிக்க முடியும். மாநில மக்கள்தொகையில் 85 சதவீதமாக உள்ள இனங்களை வெளியே வைத்துவிட்ட ஒரு பள்ளி சமமான பள்ளி ஆகாது என்றது தீர்ப்பு. எதிரணி இல்லாத இடத்தில் வாதம் கற்க முடியாது என்பதைத்தானே மார்ஷலில் ஓர் ஆசிரியர் இருபது ஆண்டுகளுக்கு முன்பே கடிதம்மேல் கடிதம் எழுதிக் கேட்டுக்கொண்டிருந்தார். தனிப் பள்ளிக்கூடம் கட்டித்தருகிறோம், தனிக் கிணறு வெட்டித்தருகிறோம், தனிச் சுடுகாடு ஒதுக்கித்தருகிறோம் என்று நமக்குச் சொல்லப்படும் ஒவ்வொரு முறையும் இந்தத் தீர்ப்பை எடுத்துப் படிக்கலாம். நான்கு ஆண்டுகள் கழித்து வந்த புகழ்பெற்ற பிரவுன் தீர்ப்புக்கு இது படிக்கட்டு. ஸ்வெட் அந்த ஆண்டே ஆஸ்டினில் சேர்ந்தார். ஆனால் வழக்கும் மிரட்டலும் நோயும் அவரைத் தின்றிருந்தன. படிப்பை முடிக்க முடியவில்லை. வெற்றி பெற்றவருக்கே வெற்றி பயன்படாமல் போவதும் வரலாற்றில் உண்டு. 2005இல் ஆஸ்டினின் மாவட்ட நீதிமன்றக் கட்டடத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

டோல்சன் கல்லூரிச் சுவருக்குள் மட்டும் இருந்தவரல்ல. 1930களின் பொருளாதாரச் சரிவில் பருத்தி விலை விழுந்தபோது, வாரச் சாகுபடி செய்த கறுப்பு, வெள்ளை விவசாயிகளை ஒரே சங்கத்தில் சேர்க்கும் வேலையில் அவர் ஈடுபட்டதை வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் பதிந்திருக்கிறார்கள். இந்த வேலையைப் பற்றி அவர் வீட்டில்கூட அதிகம் பேசவில்லை. தெரிந்தால் வேலை மட்டுமல்ல, உயிரும் போகும். 1937 முதல் 1944 வரை ‘வாஷிங்டன் ட்ரிபியூன்’ என்ற கறுப்பின வார இதழில் பத்தி எழுதினார். பத்தியின் பெயர் ‘கேவியரும் முட்டைக்கோசும்’. கேவியர் பணக்காரர் உண்ணும் மீன் முட்டை. முட்டைக்கோஸ் ஏழை வீட்டுக் கறி. தன் மாணவர்களுக்கு அவர் பரிமாறியதும் இந்த இரண்டையும்தான்.

அவர் கவிஞர் என்பதை இவ்வளவு தாமதமாகச் சொல்வதற்குக் காரணம், அவர் வாழ்விலும் அது தாமதமாகவே இடம்பெற்றது. ஹார்லெம் மனிதர்களைப் பற்றி 1930களில் எழுதிய முதல் கவிதைத் தொகுப்பை எந்தப் பதிப்பாளரும் ஏற்கவில்லை. கையெழுத்துப் படியை டிரங்குப் பெட்டியில் போட்டு மூடினார். 1944இல்தான் முதல் நூல் அச்சானது. அப்போது வயது 46. கல்லூரிச் சம்பளம், பயணம், நாடகம், கால்பந்து, திருத்த வேண்டிய தாள்கள் என்று இருந்த மனிதர், பெரும்பாலும் ஊர் உறங்கிய பிறகே எழுதினார். ஆசிரியப் பணி ஒரு கவிஞரைத் தின்றுவிட்டது என்று வருந்துவோர் உண்டு. அந்த வருத்தத்தை முழுதாகத் தள்ளிவிட எங்களுக்கு மனமில்லை. நம்மில் எத்தனை எழுத்தாளர்கள் சத்துணவுக் கணக்குக்கும் வாக்காளர் பட்டியலுக்கும் நடுவே எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும்.

1947இல் அவர் ஓக்லஹோமாவின் லாங்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். லாங்ஸ்டன் கறுப்பினத்தவரே 1890இல் நிறுவிய ஊர். அந்த ஊருக்கு நான்கு முறை மேயராக இருந்தார். அதே 1947இல் லைபீரியக் குடியரசு தன் நூற்றாண்டையொட்டி அவரைத் தன் அரசவைக் கவிஞர் ஆக்கியது. அதற்காக எழுதிய நெடுங்கவிதை 1953இல் வெளியானது. அந்த நூலுக்கு ஆலன் டேட் முன்னுரை எழுதினார். தென்மாநிலப் பழமையைப் போற்றிய வெள்ளைக் கவிஞர் அவர். கறுப்பின எழுத்தாளர்களோடு ஒரு விருந்தில் உட்கார மறுத்தவர். அவரிடம் போய் ஏன் முன்னுரை வாங்க வேண்டும் என்று அன்றும் கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள். எதிரணியை மேடைக்கு இழுக்கும் பழைய பழக்கம் என்று சொல்லி டோல்சனைக் காப்பாற்றலாம். ஆனால் எதிராளியோடு வாதிடுவது வேறு, எதிராளியின் சான்றிதழுக்குக் காத்திருப்பது வேறு. இந்த இடத்தில் அவர் இரண்டாவதன் பக்கம் சாய்ந்துவிட்டார் என்றே நினைக்கிறோம். கடினமான மொழியில், அடிக்குறிப்புகளோடு வந்த அந்தக் கவிதையை மார்ஷலின் வாரக் குடியானவர் ஒருவர் படித்திருக்க வழியில்லை.

கடைசி விவாதம் 1966 வசந்தத்தில் நாஷ்வில்லின் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில், கறுப்பின எழுத்தாளர் மாநாட்டில் நடந்தது. டோல்சன் இளமையில் ஓராண்டு படித்த இடம் அது. அங்கே ஆசிரியராக இருந்த கவிஞர் ராபர்ட் ஹேடன், தன்னைக் கவிஞர் என்று மட்டும் பார்க்க வேண்டும், நீக்ரோவாகப் பிறந்தது தற்செயல் என்ற நிலையை எடுத்தார். ஹேடன் சின்னக் கவிஞர் அல்ல. அடிமைக் கப்பலைப் பற்றி அவர் எழுதியதற்கு ஈடில்லை. அடையாளத்தைச் சொல்லித் தன் கவிதைக்கு மதிப்பெண் குறைப்பார்கள் அல்லது சலுகை மதிப்பெண் போடுவார்கள் என்ற அவரது அச்சம் நியாயமானது. நோயுற்றிருந்த டோல்சன் எழுந்து, தான் கறுப்பினக் கவிஞர்தான், நீக்ரோக் கவிஞர்தான், ஆப்பிரிக்க அமெரிக்கக் கவிஞர்தான் என்று ஒவ்வொரு பெயரையும் எடுத்து அறிவித்தார். ‘நான் எழுத்தாளன், என்னைத் தலித் எழுத்தாளன் என்று சொல்லாதீர்கள்’ என்ற குரலையும் அதற்கு எதிரான குரலையும் நம் கூட்டங்களில் 1990களிலிருந்து கேட்டுவருகிறோம். அந்த விவாதத்தை நாம் பெரும்பாலும் மனக்கசப்பில் முடித்துக்கொள்கிறோம். ஹேடனின் தரப்பையும் நம்மால் நேர்மையாக எடுத்துவைக்க முடிகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அதே ஆண்டு ஆகஸ்ட் 29 அன்று டாலஸ் நகர மருத்துவமனையில், புற்றுநோய்க்கான அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு டோல்சன் இறந்தார். வயது 68. முந்தைய ஆண்டுதான் ‘ஹார்லெம் கேலரி’ என்ற அவரது பெரும் படைப்பு வெளியாகியிருந்தது. டிரங்குப் பெட்டியில் கிடந்த பழைய கையெழுத்துப் படி 1979இல் நூலானது. மகன்களில் இருவர் பேராசிரியர்கள் ஆனார்கள்.

டோல்சன் போன பிறகு வைலியில் விவாத அணி மெல்லக் கலைந்துபோனது. 1960 மார்ச்சில் மார்ஷலின் உணவக மேசைகளில் உட்கார்ந்து மறியல் செய்தவர்கள் வைலி, பிஷப் கல்லூரிகளின் மாணவர்கள்தான். அவர்களுக்கு விவாத அணி இருக்கவில்லை. 2007இல், படம் வெளியான சமயத்தில், அணியை மீண்டும் தொடங்க டென்சல் வாஷிங்டன் பத்து லட்சம் டாலர் கொடுத்தார். இப்போது அந்த அணி டோல்சன், வாஷிங்டன் இருவர் பெயரையும் தாங்கி நடக்கிறது. ஆசிரியர் பெயர் முதலில், நடிகர் பெயர் அடுத்து. 2014இல் ஒரு தேசியப் போட்டியில் வைலி மாணவர்கள் முதலிடம் பெற்றார்கள். போட்டியை நடத்தியது பை கப்பா டெல்டா.